கைக்கொள்ளும்படி உபதேசியுங்கள்: போதகர்களுக்கும் சபைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களே, மூப்பர்களே, சபைக் குழுவின் சகோதர சகோதரிகளே,

உங்களுக்கு எங்கள் ஸ்தோத்திரம். சபைகளில் சுவிசேஷ வாசிப்புக் குழுக்களை நடத்துகிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். இயேசுவைப் பின்பற்றுவது எப்படி என்பதைச் சபை தன் மக்களுக்குச் சுவிசேஷங்களிலிருந்து முறையாக, வாரந்தோறும் செய்துபார்க்கும் பயிற்சியாகக் கற்றுத்தர வேண்டும்.

மத்தேயு சுவிசேஷத்தின் கடைசி இரண்டு வசனங்களை நாம் ஊழியப் பணிக்கான அழைப்பாக அடிக்கடி வாசிக்கிறோம். "புறப்பட்டுப்போய்" என்ற சொல்லில் அழுத்தம் கொடுக்கிறோம், "ஞானஸ்நானங்கொடுத்து" என்பதிலும் கொடுக்கிறோம். அடுத்து வரும் "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்" என்ற பகுதியை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். கட்டளைகளை அறிந்துகொள்ளும்படி உபதேசிக்க நமக்கு நன்றாகத் தெரியும். பிரசங்கம், வேதபாட வகுப்பு, திடப்படுத்தல் வகுப்பு எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. கைக்கொள்ளும்படி உபதேசிக்கும் இடம் சபையின் வார அட்டவணையில் எங்கே இருக்கிறது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், சபையில் ஏட்டோடு நின்றுவிடுகிறோம்.

சுவிசேஷங்களைச் சபை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஞாயிறு பள்ளியில் வைத்திருக்கிறது. பிறப்பின் பண்டிகைக்கும் பாடுகளின் வாரத்துக்கும் தேவையான அதிகாரங்கள் வெளியே வருகின்றன. பெரியவர்களுக்கான ஆழ்ந்த போதனை என்றால் அப்போஸ்தலர் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்களுக்குப் போய்விடுகிறோம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் கன்னிமரியாளிடத்தில் பிறந்ததைச் சொன்னவுடன் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டதற்குத் தாண்டுகிறது. பிரமாணத்தின் மேல் குறையில்லை. அதன் நோக்கம் வேறு. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இயேசு நடந்ததும் பேசியதும் தொட்டதும் சாப்பிட்டதும் எல்லாம் அடங்கியிருக்கின்றன. சபையின் போதனையும் அதே இடத்தில் தாண்டிக் குதித்தால், பின்பற்றுவதற்கு ஒரு சாயல் மக்கள் கண்முன் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "சீஷன்" என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 260 முறை வருகிறது. அத்தனையும் நான்கு சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலருடைய நடபடிகளிலும்தான். "கிறிஸ்தவன்" என்ற சொல் மொத்தம் 3 முறை மட்டுமே வருகிறது. சீஷன் எப்படி உருவாகிறான், எங்கே தடுமாறுகிறான், எப்படித் தூக்கி நிறுத்தப்படுகிறான் என்பதைப் பார்க்க வேண்டுமானால் சுவிசேஷங்களுக்குத்தான் போக வேண்டும்.

மாற்குவிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள், 678 வசனங்கள், நான்கில் சிறியது. முதல் வேலையாக அதை ஒரே அமர்வில், தொடக்கம் முதல் முடிவுவரை, சபையில் உரக்க வாசியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. ஆறு பகுதிகளாகப் பிரிக்கலாம்: 1:1 முதல் 3:6 வரை, 3:7 முதல் 6:6 வரை, 6:7 முதல் 8:21 வரை, 8:22 முதல் 10:52 வரை, 11 முதல் 13 வரை, 14 முதல் முடிவுவரை. கடைசிப் பகுதி 139 வசனங்கள். இருவர் பகிர்ந்துகொள்வது நல்லது. 8:21 முடிந்ததும் பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள். கதையும் அங்கேதான் திரும்புகிறது.

வாசிப்பவர்களைப் பதவி பார்த்துத் தெரிந்தெடுக்காதீர்கள். குரலும் நிதானமும் உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்து, குறைந்தது இரண்டு முறை உரக்க வாசித்துப் பழகச் சொல்லுங்கள். பெயர்களில்தான் எல்லோரும் இடறுவார்கள். நடுவில் பாட்டும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். இந்த வாசிப்பு கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம், போதகர் எழுந்து "இதிலே நாம் கவனிக்கவேண்டியது" என்று தொடங்குவதுதான். அன்று ஒரு நாள் மட்டும் மாற்குவே பேசட்டும். வசனம் வசனமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு "உடனே", "உடனே" என்று ஓடும் அந்தக் கதையின் வேகமே புதிதாக இருக்கும்.

பிறகு வாரத்துக்கு ஒரு பகுதி. 40 வாரங்கள் என்றால் சராசரியாக 17 வசனங்கள் வரும். பாடுகளின் அதிகாரங்கள் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின வாரங்களில் அமைய வேண்டுமானால், அந்தப் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: ஜூன் நடுவுக்கும் ஜூலை நடுவுக்கும் இடையில் தொடங்க வேண்டியிருக்கும். ஜனவரியில் தொடங்கும் சபைகள் நடுவில் பண்டிகை வந்ததும் தொடரை நிறுத்திவிட்டுப் பாடுகளுக்குத் தாவி, மறுபடி ஐந்தாம் அதிகாரத்துக்குத் திரும்புகின்றன. இழை அங்கேயே அறுந்துவிடுகிறது. மூன்றாண்டு வேதபாட ஒழுங்கைப் பின்பற்றும் சபைகளில் ஓர் ஆண்டு மத்தேயு, ஓர் ஆண்டு மாற்கு, ஓர் ஆண்டு லூக்கா என்று ஏற்கெனவே வகுத்திருக்கிறது. அவர்கள் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. ஞாயிறு வாசிக்கும் அதே சுவிசேஷப் பகுதியை வாரநாள் குழுக்களுக்கும் கொண்டுபோனாலே போதும்.

மாற்கு 8:22 முதல் 10:52 வரையுள்ள பகுதியில் தயவுசெய்து நிதானமாக நில்லுங்கள். பின்பற்றுதலைப் பற்றி மாற்கு எழுதியதன் நெஞ்சு இதுதான் என்பது எங்கள் எண்ணம். பெத்சாயிதாவில் ஒரு குருடன் இரண்டு கட்டமாகப் பார்வையடைவதோடு இது தொடங்குகிறது. முதல் தொடுதலில் அவனுக்கு மனிதர்கள் நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள். எரிகோவில் பர்திமேயு பார்வையடைவதோடு முடிகிறது. நடுவில் இயேசு மூன்று முறை தம் பாடுகளைச் சொல்கிறார்: 8:31, 9:31, 10:33-34. மூன்று முறையும் சீஷர்கள் உடனே தவறுகிறார்கள். முதல் முறை பேதுரு அவரையே கடிந்துகொள்கிறான். இரண்டாம் முறை, தங்களில் யார் பெரியவன் என்று வழியிலே தர்க்கம். மூன்றாம் முறை யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிறார்கள். ஒவ்வொரு தவறுக்கும் பின்னாலேதான் பின்பற்றுவதைப் பற்றிய போதனை வருகிறது. அரைப்பார்வைக்காரர்கள் யார் என்று மாற்கு சொல்லாமல் சொல்கிறார்.

10:45-ஐ, மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவும் தம் ஜீவனைக் கொடுக்கவும் வந்தார் என்ற அந்த வசனத்தை, தனியே பிய்த்தெடுத்து மீட்பின் உபதேசமாக மட்டும் பிரசங்கித்தால் அதன் பாதி வலிமை போய்விடுகிறது. பதவிச் சண்டைக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட வார்த்தை அது. ஆசனம் கேட்ட இருவரிடமும், வழியருகே உட்கார்ந்து பிச்சைகேட்ட பர்திமேயுவிடமும் இயேசு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் மகிமையைக் கேட்டார்கள், இவன் பார்வையைக் கேட்டான். பார்வை பெற்றவன் "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்". அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி. சபைத் தேர்தல் நடக்கும் ஆண்டில் இந்தப் பகுதியை எட்டு வாரம் குழு உறுப்பினர்கள் ஒன்றாக வாசித்துவிட்டுப் பிறகு வேட்பாளர் பட்டியலைக் கையில் எடுப்பது நல்லது.

குழு எப்படி நடக்க வேண்டும்? ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். கூட்டம் பெருகும்போது பேசுகிறவர்கள் மூன்று பேராகச் சுருங்கிவிடுவார்கள். மெதடிஸ்ட் சபைகளுக்கு வித்திட்ட ஜான் வெஸ்லியின் இயக்கத்தில் 1742-இல் பிரிஸ்டலில் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களும் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்ற கணக்கில்தான் அமைந்தன. ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கும் ஏற்பாடாகத்தான் அது ஆரம்பித்தது. வசூலிக்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டார்கள். வசூல் ஏற்பாடு மேய்ப்புப் பணியாக மாறியது. யாரும் மறைந்துகொள்ள முடியாத, யாரும் காணாமற்போக முடியாத சிறிய எண்ணிக்கை வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

75 நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் சென்ற வாரத்துக்கானது: செய்வதாகச் சொன்னதைச் செய்தோமா, என்ன நடந்தது, எங்கே முடியாமற்போயிற்று? அடுத்து, பகுதியை இரண்டு முறை உரக்க வாசியுங்கள்; ஒரு முறை பழைய மொழிபெயர்ப்பில், ஒரு முறை இன்றைய எளிய தமிழில். "கைக்கொள்ளுதல்", "மனந்திரும்புதல்" போன்ற சொற்கள் காதுக்குப் பழகிப் பொருள் மங்கியிருக்கும். இரண்டாவது வாசிப்பு அவற்றைத் துலக்கும். பிறகு சுமார் அரைமணி நேரம், மிக எளிய கேள்விகள். இயேசு இங்கே என்ன செய்கிறார், என்ன சொல்கிறார்? சுற்றி நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களில் நான் யார் பக்கத்தில் நிற்கிறேன்? கடைசியாக, இந்த ஏழு நாளில் நான் செய்யப்போகும் ஒரு காரியம் என்ன? அதைச் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துக் கலையுங்கள்.

அந்த "ஒரு காரியம்" சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் வழக்கமான வேதபாட வகுப்பாகிவிடும். "இன்னும் அன்பாக இருப்பேன்" என்பதை ஏற்காதீர்கள். அடுத்த வாரம் அதைச் செய்தாயா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. "இரண்டு வருடமாகப் பேசாத அண்ணனுக்கு வியாழக்கிழமைக்குள் போன் செய்வேன்" என்பதற்குப் பதில் சொல்ல முடியும். நாள், ஆள், செயல் மூன்றும் இருக்கட்டும். சிறியதாக இருக்கட்டும். முதல் மாதத்தில் ஆர்வத்தில் பெரிய தீர்மானங்களைச் சொல்லி, செய்யமுடியாமல் வெட்கப்பட்டு, ஐந்தாம் வாரத்திலிருந்து வராமற்போகிறவர்கள் உண்டு.

நேரம் போதவில்லை என்றால் எல்லாக் குழுக்களும் முதலில் வெட்டுவது அந்த முதல் பத்து நிமிடத்தைத்தான். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கணக்குக் கேட்காத வாரம் இரண்டு தொடர்ந்து வந்தால், மூன்றாம் வாரம் யாரும் எதையும் செய்துவிட்டு வரமாட்டார்கள். அதேசமயம் இது விசாரணை ஆகிவிடக் கூடாது. செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் "என்ன தடுத்தது?" என்ற ஒரு கேள்வி போதும். குழுவில் சொன்னது வெளியே போகாது என்பதை முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் வெளியே போகக் கூடாது.

நடத்துகிறவர் கூட்ட நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பேசக் கூடாது. கேள்வி கேட்டதும் அமைதி வரும். அரை நிமிடம் பொறுக்க வேண்டும். ஐந்து விநாடியில் தானே பதில் சொல்லிவிடுகிற தலைவரிடம் குழு சீக்கிரமே ஊமையாகிவிடும். வேதம் நன்றாகத் தெரிந்த ஒருவர் உடனே ரோமருக்கும் வெளிப்படுத்தலுக்கும் தாவுவார். அவரை மதிப்போடு, "ஐயா, இன்றைக்கு இந்தப் பகுதிக்குள்ளேயே இருப்போம்" என்று திருப்பிக் கொண்டுவாருங்கள். புதிதாக வந்தவரும் அவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசும்போதுதான் குழு சமமாகிறது.

நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இது பழைய ஆசை. கி.பி. 170 வாக்கில் தத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கையும் ஒரே கதையாகப் பின்னினார். சீரிய மொழிச் சபைகளில் அது நெடுங்காலம் வழங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோதொரேத்து தம் பகுதிச் சபைகளிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை அகற்றி நான்கு சுவிசேஷங்களையும் தனித்தனியே வைத்தார். சபை நான்கை நான்காகவே காத்துக்கொண்டது. இயேசுவுக்குத் தைலம் பூசிய பெண்ணைப் பாருங்கள். லூக்கா 7-இல் பரிசேயன் வீட்டில் பாவியான ஒரு ஸ்திரீ பாதங்களைக் கண்ணீரால் நனைக்கிறாள். பேச்சு மன்னிப்பைப் பற்றியது. மாற்கு 14-இல் பெத்தானியாவில் ஒருத்தி சிரசின்மேல் ஊற்றுகிறாள்; பேச்சு அவரை அடக்கம்பண்ணுவதைப் பற்றியது. யோவான் 12-இல் அவள் மரியாள். எல்லாவற்றையும் கலந்து ஒரே பெண்ணாக்கிப் பிரசங்கித்தால் மூன்று இடங்களும் நம்மிடம் கேட்கிற மூன்று காரியங்களும் மங்கிப்போகின்றன.

உவமைகளிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. நல்ல சமாரியன் உவமையில் சத்திரம் சபை என்றும், சமாரியன் கிறிஸ்து என்றும் பொருள் சொல்லும் மரபு ஆதிச் சபையின் ஆயர் அகஸ்தீன் காலத்திலேயே உண்டு. அழகான தியானம்தான். ஆனால் இயேசு அந்த உவமையை "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று முடிக்கிறார். உருவகத்தில் எல்லோருக்கும் இடம் கிடைத்தபின், போய்ச் செய்வதற்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை.

பரிசேயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசங்கங்களில் அவர்கள் எப்போதும் வேறு யாரோதான். இயேசுவும் சீஷரும் யூதர்கள். பரிசேயர் வேதத்தை நேசித்து, தசமபாகம் கொடுத்து, மக்களிடம் மதிப்புப் பெற்ற யூதர்கள். ஒரு மக்களினத்தின்மேல் வெறுப்பை வளர்க்க அந்தப் பெயரைப் பயன்படுத்துவது பாவம். ஒழுங்காக ஆராதனைக்கு வந்து ஒழுங்காகக் காணிக்கை போடும் நாம்தான் அந்தக் காட்சிகளில் அவர்களுக்கு மிக அருகே நிற்கிறோம்.

மாற்கு முடிந்தபின் மத்தேயு 5 முதல் 7 வரை: மலைப்பிரசங்கம், 111 வசனங்கள். இதை மூன்று ஞாயிறுகளில் முடிக்காதீர்கள். ஆறாம் அதிகாரத்தின் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் தலா நான்கு வாரம் கொடுத்து, மறைவில் செய்யும் பயிற்சியாகவே கொடுங்கள். என்ன கொடுத்தேன், எத்தனை வேளை உபவாசித்தேன் என்று குழுவில் சொல்ல வேண்டாம். சொன்னால் பயிற்சியே தோற்றது. மறைவில் செய்தபோது மனதில் என்ன எழுந்தது என்பதை மட்டும் பேசலாம். 5:23-24-இல் இயேசு, பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். திருவிருந்து நாளன்று ஆராதனை நடுவில் இதை வாசித்து அரை நிமிடம் மௌனம் கொடுத்தால் யாரும் எங்கும் போக முடியாது. முந்தின ஞாயிறே வாசித்து அறிவியுங்கள். ஏழு நாள் இருந்தால் மனமுள்ளவர்கள் போவார்கள்.

இங்கே ஓர் எச்சரிப்பு, மிகுந்த பாரத்தோடு. மத்தேயு 18:15-17-ஐ, தனியே போய்ச் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரோடு போ, பிறகு சபைக்குச் சொல் என்ற ஒழுங்கை, வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்மேல் சுமத்தாதீர்கள். அடிக்கிற கணவனிடம் மனைவியையும், கெடுத்தவனிடம் பிள்ளையையும் "தனியே போய்ப் பேசு" என்று அனுப்புவது கீழ்ப்படிதல் ஆகாது. அதே அதிகாரத்தின் ஆறாம் வசனம் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. குற்றம் சட்டத்தின் முன் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பது சபையின் முதல் கடமை. "மன்னித்துவிடு" என்ற சொல்லால் வாயை அடைப்பவர்கள் அதிகாரத்தின் நடுவிலிருந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். குழுத் தலைவர்களுக்கு இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

இவ்வளவு செயலை வலியுறுத்தினால் கிருபை எங்கே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுவிசேஷங்களின் வரிசையே அதற்குப் பதில் சொல்கிறது. மாற்கு 1:15-இல் தேவராஜ்யம் சமீபமாயிற்று என்ற நற்செய்தி வருகிறது. 1:17-இல் "என் பின்னே வாருங்கள்" வருகிறது. லேவியை இயேசு அழைத்தபோது அவன் வரி வசூலிக்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தான், திருந்தியபின் அழைக்கவில்லை. மும்முறை மறுதலித்த பேதுருவிடம் யோவான் 21-இல் மறுபடியும் "என்னைப் பின்பற்றி வா" என்கிறார். தவறிய சீஷனை அவர் நீக்கவில்லை, முதல் நாள் அழைப்பையே திரும்பக் கொடுத்தார். குழுவில் இந்த வரிசை தலைகீழானால் மூன்று மாதத்தில் சோர்வும் பெருமையும் மாறிமாறி வரும். செய்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், செய்யாதவர்கள் வராமல் நிற்பார்கள். அந்த அடையாளத்தைக் கண்டால் சில வாரம் செயல்தீர்மானத்தை நிறுத்தி, இயேசு பாவிகளோடு பந்தியிருந்த பகுதிகளை மட்டும் வாசியுங்கள்.

ஞாயிறு பள்ளிக்கும் பெரியவர்கள் வாசிக்கும் அதே பகுதியையே கொடுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையும் தகப்பனும் பேச ஒன்று இருக்கும்.

சபைக் குழுவே, இதை உங்களிடமிருந்து தொடங்குங்கள். அடுத்த கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்குக்கு முன்பு இருபது நிமிடம் ஒதுக்கி, மாற்கு 10:35-45-ஐ இரண்டு முறை உரக்க வாசித்து, ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குள் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். போதகரும் சொல்ல வேண்டும், பொருளாளரும் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த கூட்டத்தில், முந்தின கூட்டக் குறிப்பை வாசிக்குமுன், செய்தோமா என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அப்படி மூன்று கூட்டங்கள் நடந்தபின் சபைக்கு அறிவித்து, மாற்குவை வாசிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
சுவிசேஷ வாசிப்புக் குழுக்களை நடத்துகிறவர்கள்